ஒன்பது வாரம் ஓடி முடித்தேன், இப்போது ஷூவை எடுக்கவே மனமில்லை

கேள்வி: மேடம், எனக்கு 39 வயது, எடை 70 கிலோ. மதுரை அனுப்பானடியில் இருக்கிறேன், வங்கி வேலை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்கூட ஓடாதவள் நான். பொங்கல் முடிந்ததும் போனில் கவுச் டு 5கே (ஓடாதவர்களை ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைக்கிற பயிற்சித் திட்டம்) ஆப் போட்டு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன், மார்ச் கடைசியில் முடித்தும் விட்டேன். 5 கிலோமீட்டர், 38 நிமிடம். வீட்டில் கேக் வெட்டினோம். அதோடு சரி. அதன் பிறகு ஓடப்போகும் போதெல்லாம் 5 கிலோமீட்டர் ஓடி நேரம் பார்த்தேன். 39, 40, 42 என்று ஏறிக்கொண்டே போனது. வாரம் மூன்று நாள் இரண்டானது, இரண்டு ஒன்றானது, இப்போது மூன்று வாரமாக ஒன்றுமே இல்லை. அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். மாதவிலக்கு நாட்களில் ரத்தப்போக்கு அதிகம், சாயங்காலம் வீட்டு மாடிப்படி ஏறவே அசதியாக இருக்கிறது. எடையும் 2 கிலோதான் குறைந்திருக்கிறது. வீட்டுக்காரர் "அதான் முடிச்சிட்டியே, விடு" என்கிறார். ஆபீஸ் தோழி "அடுத்து 10 கிலோமீட்டர்தானே?" என்கிறாள். இரண்டைக் கேட்டாலும் அழுகை வருகிறது. ஐந்தாவது வாரம் மூன்றாம் நாள் 20 நிமிடம் நிற்காமல் ஓடிவிட்டு மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இருந்த சந்தோஷம் எங்கே போனது? மறுபடி முதல் வாரத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டுமா?

பதில்: முதல் வாரத்துக்கெல்லாம் போக வேண்டாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அது ஓட்டத்தோடு சம்பந்தமில்லாத மாதிரி தெரியும், ஆனாலும் இந்தக் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த வாரமே. போக்கு அதிகம் என்கிறீர்கள், மாடிப்படி ஏற அசதி என்கிறீர்கள், ஓட்டத்தின் நேரம் கூடிக்கொண்டே போகிறது என்கிறீர்கள், காலையில் எழ முடியவில்லை என்கிறீர்கள். இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கிற எவருக்கும் மனசு சரியில்லை என்று தோன்றுவதற்கு முன்னால் ரத்தத்தில் இரும்புச்சத்து எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கத் தோன்றும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். அதாவது தெருவில் இரண்டு பெண்கள் நடந்து போனால் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது, "எனக்கு எப்பவுமே இப்படித்தான்" என்று நினைத்து வாழ்ந்துகொண்டிருப்பார்கள். தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோவது ஹீமோகுளோபின். அது குறைவாக இருக்கும்போது ஓடுவது, உங்கள் தோழி ஓடுகிற அதே 5 கிலோமீட்டரை இரண்டு மடங்கு உழைப்பில் ஓடுகிற மாதிரி இருக்கும். அந்த நிலையில் உடம்பு மறுநாள் படுக்கையை விட்டு எழ மறுத்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம்.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பை அது காட்டும். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் சரியாக இருக்கும்போதே சேமிப்பு தீர்ந்துபோய் அசதி வருவது உண்டு. தைராய்டும் பார்த்துவிடுங்கள். குறைவு என்று வந்தால் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாமல் மருத்துவரைப் பாருங்கள், ஏன் அவ்வளவு போக்கு இருக்கிறது என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதை டீ, காபியோடு விழுங்காதீர்கள், உறிஞ்சவிடாது. ரிசல்ட் வரும்வரை நடங்கள், ஓட வேண்டாம். மூன்று வாரம் ஓடாமல் இருந்தீர்கள், இன்னும் மூன்று நாளில் ஒன்றும் ஆகிவிடாது.

சரி, ரத்தம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது ஓட்டத்துக்கு வருகிறேன்.

அந்த ஆப் உங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் திட்டத்தை 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஓடிப் பழக்கமே இல்லாதவர்களுக்காக எழுதினார். முதல் நாள் என்ன? 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மாற்றி மாற்றி 20 நிமிடம். அந்த 60 விநாடியே மூச்சுமுட்டும். ஐந்தாவது வாரம் மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்லும், எல்லோரும் பயப்படுகிற நாள் அது, நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாவது வாரம் 30 நிமிடம். ஒன்பது வாரம், வாரம் மூன்று நாள். அந்த 27 தடவையும் நீங்கள் எதையும் முடிவு செய்யவில்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எல்லாவற்றையும் காதில் ஒரு குரல் சொன்னது. அதோடு ஒவ்வொரு வாரமும் போன வாரத்தால் முடியாத ஒன்று இந்த வாரம் முடிந்தது. இவ்வளவு வேகமாக முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிற வேலை வாழ்க்கையில் அபூர்வம். பத்து வருடம் வேலை பார்த்தாலும் வங்கியில் அப்படி ஒரு ஒன்பது வாரம் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

28-ஆவது தடவை அந்தக் குரல் நின்றுவிட்டது. அன்றைக்கு என்ன ஓடுவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியிருந்தது, அதுவும் காலை ஐந்தரை மணிக்கு, தூக்கக் கலக்கத்தில். ஒன்றும் தோன்றாததால் தெரிந்ததையே செய்தீர்கள்: 5 கிலோமீட்டர், கடிகாரம். அடுத்த தடவையும் அதே. அதற்கடுத்த தடவையும் அதே. ஓடுவது போய் ஒவ்வொரு முறையும் பரீட்சை எழுதுவதாகிவிட்டது, அதுவும் போன தடவை வாங்கிய மதிப்பெண்ணைவிடக் கூடுதலாக வாங்கினால்தான் பாஸ் என்று நீங்களே விதி வைத்துக்கொண்ட பரீட்சை. வாரம் மூன்று பரீட்சை எழுத யாருக்கு மனம் வரும்?

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் மனம் உடைந்ததே அங்கேதான். 38 நிமிடம் 42 ஆனதை நீங்கள் பின்னடைவு என்று எடுத்துக்கொண்டீர்கள். மாதத்தைப் பாருங்கள். நீங்கள் ஓடப் பழகியது ஜனவரி, பிப்ரவரியில். அப்போது மதுரையில் விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும், குளத்துப் பக்கம் குளிரக்கூடச் செய்யும். தனியாக ஓட ஆரம்பித்தது ஏப்ரலில். மே மாதம் கத்திரி. அப்போது மதுரையில் சூரியன் வருவதற்கு முன்னாலேயே 26, 27 டிகிரி, காற்றில் ஈரம் வேறு, வியர்வை காய்வதே இல்லை. வெயில் காலத்தில் ஓடும்போது இதயம் இரண்டு வேலை பார்க்கிறது. காலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும். இருக்கிற ரத்தம் அதேதான், வியர்வையில் அதிலும் கொஞ்சம் குறைகிறது. அதனால் அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடும், அல்லது அதே துடிப்புக்கு வேகம் குறையும். ஒலிம்பிக் மாரத்தானிலேயே வெயில் நாளில் நேரம் கூடத்தான் செய்யும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து 800 கிலோமீட்டர் வடக்கே சப்போரோவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயும் சூடு விடவில்லை, ஆண்கள் ஓட்டத்தில் தொடங்கிய 106 பேரில் 30 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். அவர்கள் உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள். நீங்கள் மே மாத மதுரையில் நான்கு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு முழுத் தூரத்தையும் முடித்திருக்கிறீர்கள். அதற்கு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருந்தால், எனக்கு உங்களைப் பார்த்து ஆச்சரியம்தான் வருகிறது.

ஆகவே கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். ஒரேயடியாக அல்ல, இப்போதைக்கு. ஆப்பில் நேரம் பதிவாகட்டும், ஓடும்போதும் ஓடி முடித்ததும் பார்க்காதீர்கள், மாதக் கடைசியில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள்.

வேகத்தையும் குறையுங்கள். ஓட்டம் பிடிக்காமல் போனவர்களில் பெரும்பாலானவர்கள் வேகமாக ஓடியதால்தான் பிடிக்காமல் போனவர்கள், இதை என்னிடம் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் இரண்டு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். "இன்னைக்குக் குழம்பு வைக்கலை, நேத்து வச்சதே இருக்கு" என்று மூச்சு உடையாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி, பாதியில் மூச்சு வாங்கினால் குறையுங்கள், அப்படியும் முடியவில்லையா, ஒரு நிமிடம் நடங்கள். நடப்பதில் ஒரு குறைவும் இல்லை. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பிற்பாடு ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஓட்டமும் நடையுமாக மாற்றி மாற்றித்தான் மாரத்தான் ஓடக் கற்றுக்கொடுத்தார். கென்யாவின் எலியுட் கிப்சோகே பெர்லினில் 2022-இல் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் மாரத்தானை முடித்தபோது ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் சும்மா ஓடுகிற நாட்களில் அவரும் அவர் கூட்டாளிகளும் அதைவிட வெகு மெதுவாகத்தான் போவார்கள். அவரே தினமும் பரீட்சை எழுதுவதில்லை.

எங்கிருந்து மறுபடி தொடங்குவது? மூன்று வாரம் என்பது நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நீண்ட இடைவெளி இல்லை. ஓடாமல் விட்டால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, அது சில நாளிலேயே ஆரம்பித்துவிடும், அதனால்தான் இரண்டு வாரம் விட்டு ஓடினால் முதல் நாள் மூச்சு அப்படி வாங்குகிறது. ஆனால் திரும்ப ஓட ஆரம்பித்தால் அது சீக்கிரமே மேலே வந்துவிடும். இதயமும் தசையும் சேர்த்து வைத்தது அவ்வளவு சுலபத்தில் போகாது. 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர், வாரம் 6 நாள் கடும்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களை வாரம் 2 நாளாகக் குறைத்துப் பார்த்தார். ஒவ்வொரு நாள் பயிற்சியின் வேகமும் நேரமும் அப்படியே இருந்தவரை 15 வாரம் ஆகியும் அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய குறையவே இல்லை. சம்பாதிப்பதுதான் கஷ்டம், காப்பாற்றுவதற்கு அதைவிடக் குறைவாகச் செய்தால் போதும். ஏதோ ஒரு வாரம் கல்யாணம், ஆடிட் என்று இரண்டே நாள்தான் ஓட முடிந்தது என்றால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

நீங்கள் ஐந்தாவது வாரத்தின் முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். 5 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை, அதை மூன்று தடவை. அது சுலபமாக இருந்தால் அடுத்த வாரம் ஏழாவது வாரத்துக்குத் தாவலாம். ஆனால் ஒரே நாளில் 5 கிலோமீட்டரைத் திரும்ப ஓடிக் காட்ட வேண்டாம். மூச்சு சீக்கிரம் தயாராகிவிடும், குதிகால் தசைநாண், கணுக்கால் எலும்பு, முழங்கால் எல்லாம் மெதுவாகத்தான் பழகும். "மூச்சு வாங்கலை மேடம், அதான் ஓடிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறவர்கள்தான் என் அறையில் அதிகம். ஓடும்போது லேசாக வலித்து, ஓடி முடித்ததும் போய்விடுகிற வலியை இரண்டு நாள் கவனிக்கலாம். நடக்கும்போதும் வலித்தால், அல்லது முன்னங்காலில் ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்தால் சுளீர் என்றால், அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு யாரிடமாவது காட்டுங்கள்.

மூன்று நாளும் ஒரே ஓட்டம் ஓடாதீர்கள், இதுதான் நான் சொல்வதில் முக்கியமானது. உங்களுக்குக் கையருகில் இவ்வளவு அருமையான இடம் இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய அந்தக் குளம் ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர், ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். நாலு பக்கமும் நாலு மூலையும் இருப்பதே ஒரு பயிற்சித் திட்டம் மாதிரிதான். செவ்வாய்க்கிழமை ஒரு சுற்று மெதுவாக ஓடிவிட்டு, அடுத்த சுற்றிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வேகமாக ஓடுங்கள், மூலை வந்ததும் மீதி மூன்று பக்கத்தை நடையும் ஓட்டமுமாக. அடுத்த சுற்றில் மறுபடி ஒரு பக்கம். மொத்தம் மூன்று நாலு தடவை போதும். வேகம் என்றால் நாய் துரத்துகிற வேகம் இல்லை, முடிக்கும்போது இன்னும் கொஞ்சம் ஓடலாம் போலிருக்கிற வேகம். வியாழக்கிழமை இருபது, இருபத்தைந்து நிமிடம், கடிகாரம் இல்லாமல், பாட்டுக் கேட்டுக்கொண்டு, இல்லை குளத்தைப் பார்த்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், ஆனால் மெதுவோ மெதுவு. அதைக் குளத்தைச் சுற்றாமல் வேறெங்காவது வையுங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போங்கள், இல்லை விடிகாலையில் கடை திறப்பதற்கு முன்னால் மாசி வீதிகளைச் சுற்றி வாருங்கள். கூட்டம் இல்லாத மாசி வீதியைப் பார்க்க மதுரைக்காரர்களுக்கே பெரும்பாலும் கொடுத்து வைப்பதில்லை. 20 நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் கூட்டினால், இரண்டு மாதத்தில் 45 நிமிடம் உங்களுக்கு வந்துவிடும், எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கே வேண்டாம்.

இப்படிப் பிரித்துவிட்டால் அந்தக் காலை ஐந்தரை மணிக் கேள்விக்கு முந்தின ராத்திரியே பதில் இருக்கும். ஓட வேண்டும் என்ற ஆசை வரட்டும், போகலாம் என்று யாரும் காத்திருக்காதீர்கள், அது படுக்கையில் வராது. பெரும்பாலான நாள் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் வரும். அதனால் முடிவை ராத்திரியே எடுத்துவிடுங்கள், அதையும் "நாளைக்கு ஓடணும்" என்று பொத்தாம்பொதுவாக இல்லாமல், "பால்காரர் மணி அடித்ததும் ஷூவைப் போட்டுக்கொண்டு இறங்குவேன்" என்கிற மாதிரி ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். எப்போது, எதற்குப் பிறகு, எங்கே என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள், வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து காட்டிவருகிற விஷயம். உடையை எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். அப்புறம் ஒரு குறைந்தபட்சம் வைத்துக்கொள்ளுங்கள்: 10 நிமிடம். இறங்கி 10 நிமிடம் ஓடியோ நடந்தோ பார்த்துவிட்டு, அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி வந்துவிடலாம், அன்றைய கணக்கு முடிந்தது, குற்றவுணர்ச்சி வேண்டாம். சில நாள் திரும்பி வருவீர்கள்தான். வரட்டும்.

ஒன்பது வாரம் செய்தும் பழக்கமாகவில்லையே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 96 பேரிடம் தினமும் ஒரு சின்னக் காரியத்தைச் செய்யச் சொல்லி, அது எப்போது யோசிக்காமலே நடக்கிற பழக்கமாகிறது என்று பார்த்தார்கள். 66 நாள் என்பது அதில் வந்த நடுக்கணக்கு, ஆனால் ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை போனது. உடற்பயிற்சி மாதிரி வேலைகள், தண்ணீர் குடிப்பது மாதிரி வேலைகளைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டன. அவர்கள் செய்தது தினமும். நீங்கள் ஒன்பது வாரத்தில் ஓடியது 27 தடவைதான். பழக்கம் உங்களுக்கு இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருந்தது, அது பாதியில் இருக்கும்போது திட்டம் முடிந்துபோனது. இதில் உங்கள் மனவுறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, நடுவில் ஒருநாள் விட்டுப்போவதால் பழக்கம் கலைந்துவிடவில்லை. அதனால் ஒருநாள் விட்டால் விட்டதுதான், ஈடுகட்டுகிறேன் என்று அடுத்த நாள் இரண்டு பங்கு ஓடாதீர்கள்.

எடை பற்றி. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது ஏறக்குறைய 350 கலோரி. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதைத் தாண்டிவிடும். ஓட்டம் மட்டும் எடையைப் பெரிதாக இறக்காது, எடை சாப்பாட்டில்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது. ஓட்டம் தருவது வேறு: இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனசு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்குப்படி பெரியவர்களுக்கு வாரம் 75 நிமிடம் ஓட்டம் மாதிரியான கடும் உடற்பயிற்சி இருந்தாலே குறைந்தபட்சத்தை எட்டியாகிவிட்டது. நீங்கள் மூன்று நாள் 30 நிமிடம் ஓடினால் 90. இதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டாமல், ஒரு விநாடிகூட வேகம் கூட்டாமல், அறுபது வயது வரை இதையே செய்தாலும் மிகப் பெரிய விஷயம். உங்கள் தோழிக்கு இதுதான் பதில். எடைமெஷினில் ஏறுவதை மாதம் ஒருமுறை வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள், ஓட்டம் தொடரத் தொடர அது மெல்ல இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

10 கிலோமீட்டர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசையிருந்தால், இந்த மூன்று நாள் ஓட்டம் இரண்டு மூன்று மாதம் விடாமல் நடந்த பிறகு யோசியுங்கள். டிசம்பர், ஜனவரிதான் நம் ஊரில் ஓடுவதற்கான காலம், கோயம்புத்தூர், சென்னை மாரத்தான்கள் அந்தச் சமயத்தில்தான் நடக்கின்றன, அவற்றில் 10 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டால் சிலருக்கு ஒரு பிடிப்பு வரும். ஆனால் போட்டி முடிந்த மறுநாள் இதே வெறுமை திரும்ப வரும், கேக் வெட்டிய மறுவாரம் வந்த மாதிரியே. அதனால் போட்டிக்குப் போவதற்கு முன்பே, முடிந்த பிறகு வரும் இரண்டு வாரம் என்ன செய்வதென்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள்: முதல் வாரம் நடை மட்டும், இரண்டாவது வாரம் பழைய செவ்வாய், வியாழன், ஞாயிறு.

துணை கிடைக்குமா பாருங்கள். காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி எத்தனையோ பெண்கள் நடக்கிறார்கள், அவர்களில் ஒருவராவது "எனக்கும் ஓடணும்னு ஆசைதான், யாராவது என்ன சொல்லுவாங்களோன்னு இருக்கு" என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு முதல் வாரத்தின் 60 விநாடியை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். வாரம் ஒருநாள் போதும். ஒருவர் உங்களுக்காக மூலையில் காத்திருக்கிறார் என்றால் அலாரத்தை அணைப்பது கஷ்டம். விடியாத நேரத்தில் தனியாக ஓடுவதைவிட இது பாதுகாப்பும்கூட. நாய் குரைத்து வந்தால் ஓடாதீர்கள், நின்று, முதுகைக் காட்டாமல் மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்தோ கீறியோ விட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட வேண்டும், சின்னக் கீறல்தானே என்று விடவே கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் அழுவதைப் பார்க்கிறார், விட்டுவிட்டால் அழமாட்டீர்கள் என்று நினைக்கிறார். அவரிடம் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதைவிட, செவ்வாயும் வியாழனும் காலை 5:30-லிருந்து 6:15 வரை அடுப்படியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேராகக் கேளுங்கள். நம் வீடுகளில் பெண்கள் ஓட்டத்தை விடுவதற்குப் பாதிக் காரணம் காலும் மூச்சும் இல்லை, அந்த முக்கால் மணி நேரம்தான். "ஓடணும்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. முக்கால் மணி நேரம், இரண்டு நாள் என்றால் புரியும்.

இவ்வளவும் செய்து, வேகத்தைக் குறைத்து, கடிகாரம் பார்க்காமல் எட்டு வாரம் ஓடிப் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், மனப்பூர்வமாகச் சொல்கிறேன். ஓட்டம்தான் வேண்டும் என்று உடம்பு கேட்பதில்லை, நீச்சல் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, ஷட்டில் இருக்கிறது. ஆனால் ஐந்தாவது வாரம் மூன்றாம் நாளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தால் உங்களுக்கு ஓட்டம் பிடிக்காமல் போகவில்லை என்றே எனக்குப் படுகிறது. அன்றைக்கு நீங்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள், என்ன வேகம் என்று கடிதத்தில் எழுதவே இல்லை பாருங்கள்.

முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நடை மட்டும், அதுவும் அசதி வராத அளவுக்கு. சரியாக இருந்தால் அடுத்து வருகிற செவ்வாய்க்கிழமை, 5 நிமிட நடையில் ஆரம்பித்து, 5 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை, மூன்று தடவை. அன்றைக்கு வேகப் பக்கமெல்லாம் வேண்டாம், அது மூன்றாவது வாரத்திலிருந்து. ரிசல்ட் என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.